நள்ளிரவில் ஒலித்த மணி

தை மாதம் பிறந்துவிட்டால், திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் பழனிக்கு நடந்து செல்வோரைக் காணலாம். வழியோரத்தார் மோர்ப் பானையோடு அவர்களுக்காகக் காத்து நிற்பர். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களுக்கும் பிற சமயத்தார் தண்ணீர் தருவதுண்டு. திருப்பயணிக்கும் வழியோர ஊருக்கும் உள்ள இவ்வுறவு நெடிய வரலாறு உடையது.

காசியையும் இராமேசுவரத்தையும் இணைத்த சேது யாத்திரை, தஞ்சை மண்ணின் வழியாகவே நடந்தது. அவ்வழியில் மராட்டிய மன்னர்கள் பல சத்திரங்களை அமைத்தனர். 1802-இல் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. 1799 உடன்படிக்கையால் ஆட்சியை ஆங்கிலேயரிடம் இழந்த இரண்டாம் சரபோசி, சத்திரங்களையேனும் காக்க விரும்பி, 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதி டோரினுக்கு ஒரு மடல் வரைந்தார். அதில் அவர் கூறும் செய்திகள் நெஞ்சைத் தொடுவன. எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைப்பார்கள். நோயுற்றோருக்கு மருத்துவர், கருவுற்ற பெண்களுக்குப் பேணுதல், அநாதைச் சிறாருக்கு ஆசிரியர் என அனைத்தும் இருந்தன. வழியில் இறந்தோர் அவரவர் முறைப்படி அடக்கம் பெற்றனர்.

ஏறத்தாழ அதே காலத்தில், சப்பானின் சிக்கொக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றி நடந்தோருக்குக் கிராமத்தார் அரிசியும் வைக்கோல் செருப்பும் அளித்தனர். 'ஒசெத்தாய்' எனப்படும் அவ்வழக்கம் இன்றும் நிலைத்துள்ளது. அங்கே கொடுத்தவர் எளிய குடியானவர். இங்கே கொடுத்தவர் அரசர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சத்திரத்து உலையில் கொதித்த அரிசி, அதற்கென விடப்பட்ட கிராமங்களின் விளைச்சல் அன்றோ? சத்திரங்கள் பல அரண்மனைப் பெண்டிரின் பெயரைத் தாங்கின. சேற்றில் இறங்கி நட்ட பண்ணையாட்களின் பெயரை எதுவும் தாங்கவில்லை. அறத்தின் வரலாற்றை எழுதும்போது இதையும் நாம் எழுதியாக வேண்டும்.

1855-இல் தஞ்சை அரச மரபு ஆண் வாரிசின்றி முடிந்தபின், சத்திரங்கள் ஆங்கிலேய நிர்வாகத்தின் கைக்குச் சென்றன. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இரயில் தீவை எட்டியது. நடந்தவர் குறையவே, வழியூர்களின் பணியும் குறைந்தது.

இன்று காதர்பேட்டையின் பனியன் கடைகளைக் கடக்கும்போது, ஒடிசா, பீகார் மாநிலத்தவரின் பேச்சு காதில் விழுகிறது. இவர்கள் கோயிலுக்கு வந்தவர்கள் அல்லர், பிழைக்க வந்தவர்கள். திருப்பயணிக்கு மோர் தருவது எளிது. அவர் மறுநாள் போய்விடுவார். தங்க வந்தவருக்கு வாடகைக்கு வீடும், நம் குழந்தையருகே அவர் குழந்தைக்கு ஓர் இருக்கையும் தருவதே கடினம். வழியோர ஊரின் அறம் உண்மையில் சோதிக்கப்படுவது அங்கேதான்.

நள்ளிரவு மணியின் பொருள், பசித்தவன் கேட்கும்வரை காத்திராமல் நாமே சென்று அழைக்க வேண்டும் என்பதே. நம் ஆலய மணிகள் நாள்தோறும் ஒலிக்கின்றன. அவ்வொலி, இன்னும் உண்ணாதவர் யார் என்றும் கேட்கிறதா?