செயற்கை இரையில் வட்ட முள்: எந்த மீனுக்குப் பயன்படும், எந்த மீனுக்குப் பயன்படாது?

ஆலத்தியூர் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடியில் படிந்தது. இன்றைக்கு இங்கிருந்து கடல் மீனுக்குத் தூண்டில் போட வேண்டுமானால் ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் தாண்டிப் போக வேண்டும். நம் வட்டாரத்துக்கு வடக்கே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையில் ஓடும் கொள்ளிடம் பழையாறு அருகிலும் கடலில் கலக்கின்றன. கொடுவா, பாறை போன்ற மீன்கள் இரை தேடி வரும் இடம் இந்த முகத்துவாரங்கள்தான்.

ஏரியில் கெண்டைக்கும் விராலுக்கும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் அங்கே போகும்போது, 'சர்க்கிள் ஹூக்' எனப்படும் வட்ட முள்ளை வாங்கிச் செயற்கை இரையில் மாட்டுவது உண்டு. மீனுக்குக் காயம் குறையும், பிடித்த மீனை உயிரோடு விடலாம் என்பது நோக்கம். நோக்கம் சரிதான். ஆனால் எல்லா இரைக்கும், எல்லா மீனுக்கும் இந்த முள் ஒத்துவராது.

வட்ட முள் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண தூண்டில் முள்ளின் நுனி மேல்நோக்கி நிற்கும். வட்ட முள்ளின் நுனியோ உள்பக்கமாக வளைந்து, தண்டைப் பார்த்தபடி இருக்கும். மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பி நீந்தும்போது நரம்பு இறுகுகிறது. முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வாய் வரை வந்து, தாடையின் ஓரத்தில் சுழன்று மாட்டிக்கொள்கிறது. ஆக, இந்த முள் வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. மீன் இரையை வாய்க்குள் முழுதாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு திரும்பி நகர வேண்டும்.

செயற்கை இரையில் என்ன சிக்கல்?

மத்தி, இறால் போன்ற இயற்கை இரையை மீன் சுவைத்து விழுங்கும். பிளாஸ்டிக் அல்லது உலோக இரையைக் கடித்தவுடனே அது உணவு இல்லை என்று தெரிந்து துப்பிவிடும். விழுங்காத இரையில் வட்ட முள் சுழல்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதே காரணத்தால், செயற்கை இரையில் முள் தொண்டைக்குள் போவதும் குறைவு. வட்ட முள் தீர்க்க வந்த பிரச்சினையே இங்கே சிறியது.

அமெரிக்காவின் விதி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அட்லாண்டிக் கடலில் மயில் மீன், மார்லின் போன்றவற்றுக்கு நடக்கும் தூண்டில் போட்டிகளில், இயற்கை இரைக்கும், இயற்கை இரை சேர்த்துக் கட்டிய செயற்கை இரைக்கும் 2008 ஜனவரி 1 முதல் வட்ட முள் கட்டாயம். தனிச் செயற்கை இரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மீன் இரையை எடுக்கும் விதம் பார்த்து முள்ளைத் தேர்ந்தெடுங்கள்

• கொடுவா: இது கடிப்பதைவிட உறிஞ்சுவதே அதிகம். வாயைத் திறந்ததும் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். மெதுவாக இழுக்கும் ரப்பர் மீனுக்கு வட்ட முள் நன்றாக ஒத்துவரும்.

• பாறை: வேகமாக வந்து மோதிப் பிடிக்கும். வேகமாக இழுக்கும் கட்டை இரைக்கும், தண்ணீர் மேல் சத்தமிட்டு வரும் பாப்பருக்கும் வட்ட முள்ளைவிடச் சாதாரண ஒற்றை முள்ளே மேல்.

• வஞ்சிரம், சீலா: கூரிய பல்லால் இரையின் வாலை முதலில் வெட்டும். முழு இரையும் வாய்க்குள் போகாததால் வட்ட முள்ளில் பெரும்பாலும் தப்பிவிடும். இவற்றுக்கு இரையின் பின்பக்கம் ஒற்றை முள்ளும், நரம்பின் நுனியில் கம்பியும் தேவை.

• மயில் மீன்: படகை ஓட்டியபடி இழுக்கும் குஞ்ச இரையில் ஒரு மீனைச் சேர்த்துக் கட்டினால் வட்ட முள் போடலாம். வெறும் குஞ்சத்துக்கு வேண்டாம்.

பொருத்தும் முறை

1. முள்ளை மேசைமேல் படுக்க வையுங்கள். தட்டையாகப் படிந்தால் நுனி சாய்வில்லாத முள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் நுனி சாய்ந்தது. அது தொண்டையில் குத்தும் வாய்ப்பு அதிகம். சாய்வில்லாததையே வாங்குங்கள்.

2. அளவு எண் ஒரே மாதிரி இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி முள்ளின் அளவு மாறும். எண்ணைப் பார்க்காமல், நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது ரப்பர் மீனின் தடிமனைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

3. ரப்பர் மீனின் மூக்கில் மட்டும் முள்ளைக் குத்துங்கள். உடல் முழுக்கச் செருகினால் இடைவெளி அடைபடும். அடைபட்ட வட்ட முள்ளில் மீன் மாட்டாது.

4. கட்டை இரையில் கம்பெனி மாட்டித் தரும் மூன்று நுனி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டால் எடை மாறும், நீந்தும் விதமும் மாறும். வீசுவதற்கு முன் கரையோரத்தில் இழுத்துப் பாருங்கள். இரை ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் முள்ளின் அளவை மாற்றுங்கள். முன்முள்ளும் பின்முள்ளும் ஒன்றில் ஒன்று சிக்காத நீளத்தில் இருக்க வேண்டும்.

5. நுனிக்குப் பின்னால் உள்ள சிறிய எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். முள்ளைக் கழற்றும் நேரம் குறையும். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம்.

சுண்டி இழுக்கக் கூடாது

ஏரித் தூண்டிலில் தக்கை அமுங்கியதும் கையைச் சுண்டுவோம். வட்ட முள்ளில் அந்தப் பழக்கம் மீனை இழக்க வைக்கும். சுழல்வதற்கு முன்பே முள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும்.

மீன் தொட்டதும் கம்பின் நுனியைத் தண்ணீர் பக்கம் தாழ்த்துங்கள். ரீலை ஒரே சீராகச் சுற்றுங்கள். நரம்பில் கனம் ஏறி, கம்பு வளைந்த பிறகு மெல்ல உயர்த்துங்கள். கை தானாகவே சுண்டுகிறது, அடக்க முடியவில்லை என்றால் வட்ட முள்ளை விட்டுவிட்டு எதிர்முள் நசுக்கிய சாதாரண ஒற்றை முள்ளைப் போடுங்கள். செயற்கை இரையைப் பொறுத்தவரை மீனுக்கு அதுவும் நல்லதே.

பெரிய கொடுவாவை ஏன் விட வேண்டும்?

கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். எனவே முகத்துவாரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் பெண். ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டையிடுவதும் உப்பு நிறைந்த முகத்துவாரப் பகுதியில்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, 120 செ.மீ.க்கு மேல் உள்ளதையும் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தது. குட்டையில் வளர்ப்பவருக்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கிடைக்கும். ஆற்றுக்கு அப்படி யாரும் தருவதில்லை. அங்கே இருக்கும் தாய் மீன்தான் விதை நெல். அந்த மீனை நம்பித்தான் முகத்துவாரத்து மீனவர்களின் வலையும் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு நடுத்தர மீன் எடுத்துக்கொள்ளுங்கள், பெரியதை விடுங்கள்.

உயிரோடு விடும் முறை

• மீனை நீண்ட நேரம் போராட விட்டுக் களைப்பாக்காதீர்கள். மீனுக்கு ஏற்ற தடிமனில் நரம்பு போடுங்கள்.

• கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கையும் சுடு மணலும் மீனின் மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும்.

• செவுளுக்குள் விரலை விடாதீர்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்க விடாமல், வயிற்றுக்கும் கை கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள்.

• முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள். முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டு விடுங்கள். இதற்காகவே துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்ப்பது நல்லது.

• மீனைத் தண்ணீருக்குள் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். தானாக வாலை அடித்துப் போகும்போது கையை எடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. படகு பேசும் முன் இதைக் கணக்கில் வையுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் தூண்டில் போட நினைத்தால், முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். கடல் ஆமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. தவறி மாட்டினால் முள்ளை எடுத்து, அல்லது முடியாவிட்டால் நரம்பை முள்ளோடு ஒட்ட வெட்டி, உடனே விட்டுவிட வேண்டும்.

முதல் முறை போகிறவர்கள் மெதுவாக இழுக்கும் இரண்டு ரப்பர் மீன், அவற்றுக்கேற்ற சாய்வில்லாத வட்ட முள், எதிர்முள் நசுக்கிய சில ஒற்றை முள், ஒரு குறடு ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். முகத்துவாரத்தில் எந்த மீன் ஓடுகிறது என்று உள்ளூர் மீனவரிடம் கேட்டுவிட்டு முள்ளை மாட்டுங்கள்.