காந்தம்: பெயரும் பொருளும்

காதலன், நாயகன் என்னும் பொருளில் வடமொழியில் வழங்கும் காந்தன் என்ற சொல், அயஸ் என்னும் இரும்பின் பெயரோடு கூடி அயஸ்காந்தமாகி, அதுவே அயக்காந்தம் எனத் திரிந்து சித்த வைத்தியரின் செந்தூரச் சிமிழில் இன்றளவும் தங்கியிருக்க, பொதுவழக்கில் இரும்பைச் சுட்டிய முற்பகுதி உதிர்ந்து வெறும் காந்தமாக நம்மிடம் வந்து சேர்ந்தது. சூரியகாந்தம், சந்திரகாந்தம் என்னும் மணிப்பெயர்களிலும் இந்த நாயக உறவே ஒளிந்திருக்கிறது. தவத்தில் உறைந்த சிவபெருமானின் சித்தத்தை உமையின் அழகு ஆகர்ஷிக்க வேண்டும் என்பதற்குக் குமாரசம்பவத்தில் காளிதாசன் எடுத்த உவமை இக்கல்லே. யவனரோ மக்னீசியா என்ற நிலப்பகுதியின் பெயரை இதற்கு இட்டனர். மாக்னெஸ் என்னும் இடையனின் செருப்பாணி பாறையில் ஒட்டிக்கொண்டதால் வந்த பெயர் என்று பிளினி ஒரு கதையும் எழுதிவைத்தார். பெயர் நின்ற இடத்தில் கதை முளைப்பது எந்நாட்டிலும் உள்ளதுதானே!

ஆனால் இப்பெயரை வழங்கியோர் அறிந்தது இரும்பை இழுக்கும் குணம் ஒன்றையே. பிஸ்மத் என்னும் உலோகம் காந்தத்தால் விலக்கப்படுவதை 1778இல் புரூக்மன்ஸ் கண்டிருந்தும், அது ஒரு விநோதமாகவே கிடந்தது. 1845 நவம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே, வலிய மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே ஈயம் கலந்த கனத்த கண்ணாடித் துண்டொன்றைத் தொங்கவிட்டபோது, அது இரும்பைப்போல் துருவத்தை நோக்கித் திரும்பாமல் குறுக்காக நின்றது. பின்னர் மரம், மாட்டிறைச்சி, ஆப்பிள், ரொட்டி என்று கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் தொங்கவிட்டுப் பார்த்தார், அவையும் அவ்வாறே விலகி நின்றன. காந்த விசைக் கோடுகள் ஊடுருவிச் சென்றும் இரும்பின் தன்மையை அடையாத வஸ்து என்ற கருத்தில், ஊடே என்று பொருள்படும் ‘டயா’ என்னும் கிரேக்க முன்னொட்டைச் சேர்த்து அவற்றிற்கு நாமகரணம் செய்தார். விசையின் வழியே நீளவாக்கில் நிற்கும் மற்றவற்றிற்குப் ‘பாரா’ என்ற முன்னொட்டை 1850இல் வியூவெல் எடுத்துக்கொடுத்தார். நம் பாடநூல்களும் டயா காந்தம், பாரா காந்தம் என்றே எழுதுவதால், காந்தத்தை விட்டு ஒதுங்கும் பிஸ்மத்தும் நாயகன் பெயரைச் சுமக்க நேர்ந்தது. எனக்கு இது வேடிக்கையாகவே படுகிறது.

உஷ்ணத்தைக் கொண்டு இவ்வினங்களைப் பிரித்துக் காட்டியவர் பியேர் கியூரி. பாரா காந்தத்தின் ஏற்புத்திறன் தனிவெப்பநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது என்றும், டயா காந்தம் பெரும்பாலும் வெப்பத்துக்கு அசைவதில்லை என்றும் 1895இல் அவர் எழுதினார். இரும்போ 770 டிகிரி செல்சியசைக் கடந்ததும் தன் வீறிழந்து பாரா காந்தமாகிவிடுகிறது. இரும்பின் இனத்துக்கு லத்தீன் பெயரால் அமைந்த பெர்ரோ காந்தம் என்பதைச் சொல்லுக்குச் சொல் வடமொழியாக்கினால் அயஸ்காந்தமே கிடைக்கும்.

அப்படியிருந்தும் அயஸ்காந்தக் கல்லாகிய மாக்னடைட் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று என 1948இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி நீல் விளக்கினார். அதனுள் இரும்பு அயனிகள் இரண்டு அணிகளாக எதிரெதிர்த் திசைநோக்கி நிற்க, மூன்று மின்னேற்றமுடையவை தமக்குள் ஈடழிந்துபோய், இரண்டு மின்னேற்றமுடையவற்றின் வலிமை மட்டும் மிஞ்சுகிறது. இவ்வினத்துக்கு அவர் இட்ட பெயர் பெர்ரி காந்தம். ஓகாரம் இகரமாயிற்று, அவ்வளவே. 1970இல் நீலுக்கு நோபல் பரிசு கிடைப்பதற்குள், இவ்வினத்தைச் சேர்ந்த பெரைட்டுகள் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிக்குள் ஏரியல் தண்டாக அமர்ந்து வீடுதோறும் புகுந்திருந்தன.