நாகலாபுரம் (தூத்துக்குடி மாவட்டம்)

நாகலாபுரம், தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், புதூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கரிசல்காட்டுக் கிராமம். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தெற்கே விளாத்திகுளத்துக்கு வரும் சாலையில் இருக்கிறது. நகராட்சியும் இல்லை, பேரூராட்சியும் இல்லை. ஆனாலும் ஒரு காலத்தில் தனிப் பாளையத்தின் தலைமையிடமாக இருந்த ஊர். ஆந்திரத்தில் கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரில் அமைத்ததாகச் சொல்லப்படும் நாகலாபுரம் வேறு. தேனி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குழப்பம் வராது. தபாலில்தான் மாவட்டத்தின் பெயரை அழுத்தி எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் எந்த ஊரும் உள்ளாட்சிக்கு வெளியே விடுபட்டுப் போக வழியில்லை. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, நகர்ப்புற உள்ளாட்சிக்குள் வராத எந்தக் குடியிருப்பும் ஏதாவது ஓர் ஊராட்சிக்குள் வந்தாக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் தெற்கே விளாத்திகுளத்தில், ஒன்றிய அலுவலகம் வடக்கே புதூரில், பழைய ஜமீன் பெருமை எட்டயபுரத்தில், ரயில் கோவில்பட்டியிலும் சாத்தூரிலும். நாகலாபுரம் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. இந்த ஊரின் வரலாறு பெரும்பாலும் பக்கத்தில் நடந்தவற்றின் வரலாறுதான்.

மண்ணும் மழையும்

ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் தரை. மலை இல்லை, பாறைக்குன்றுகூட அபூர்வம். நிலம் கிழக்கிலும் தென்கிழக்கிலும் மெல்லச் சரிந்து, விளாத்திகுளத்தைத் தாண்டி வேம்பார்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூர், இருக்கன்குடி வழியே வரும் வைப்பாறு விளாத்திகுளத்தை ஒட்டிக் கடலுக்குப் போகிறது. ஆறு என்பது இங்கே பெரும்பாலான மாதங்களில் மணல்தான். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் புரண்டு ஓடும். அந்தச் சில நாளை நம்பித்தான் கண்மாய்கள் வெட்டப்பட்டன.

மண்ணைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து வந்தது. தென்பாண்டிக் கரிசல் அப்படியல்ல. பழைய உருமாறிய பாறைகளின் மேல், சுண்ணாம்புச் சத்து கலந்து உருவானது. இரண்டிலும் குணம் ஒன்றே. மான்ட்மோரில்லனைட் என்னும் களிமண் கனிமம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசியில் நடந்தால் செருப்போடு காலைப் பிடித்து இழுக்கிற அதே மண், சித்திரையில் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடக்கும். வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுந்து, அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது என்பது வேளாண் ஆய்வாளர்களின் விளக்கம். சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, இது வேறு விதமாகத் தெரியும்: ஒரு நல்ல மழை விழுந்தால் பல வாரத்துக்கு ஈரம் தாங்கும். இந்த ஒரு குணம் இல்லையென்றால் இங்கே மானாவாரி வெள்ளாமையே கிடையாது. வீடு கட்டுகிறவருக்கோ இதே குணம் பகை. அஸ்திவாரத்தை ஆழமாகப் போடாவிட்டால் சுவர் சில வருஷத்தில் பிளந்துவிடும்.

மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் புழுதியை மட்டும் கொண்டுவரும். ஆகவே கோடை உழவு முடித்து, புரட்டாசியில் மழைக்கு முன்பே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் தையில் உளுந்து, பாசி, பிறகு மக்காச்சோளம், அதற்கும் பிறகு மிளகாய் வத்தல், மல்லி, பருத்தி. பெய்ய வேண்டிய வாரத்தில் பெய்யாவிட்டால் இன்னொரு தடவை விதை வாங்க வேண்டும். அளவுக்கு மேல் பெய்தாலும் கேடுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை இந்த வடக்குக் கரிசலையும் விடவில்லை. தண்ணீர் வடியாத காடுகளில் பயிர் நின்றபடியே அழுகியது.

நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. குடிக்க ஊருணித் தண்ணீர், குளிக்கவும் மாடு கழுவவும் கண்மாய்த் தண்ணீர் என்று பிரித்துவைத்த பழைய ஒழுங்குக்குக் காரணம் இதுதான். தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் குழாய் வழியாக இந்த வட்டாரத்துக்கு வந்த பிறகு ஊருணிகளின் மதிப்பு இறங்கிப் போயிற்று. மதிப்பு இறங்கிய இடத்தில் சீமைக்கருவேல் ஏறியது.

பாளையம்

மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த பாளைய ஏற்பாட்டில், திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பக்கம் பெரும்பாலும் மறவர் பாளையங்களாகவும் கிழக்குக் கரிசல் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்களாகவும் அமைந்தன. நாகலாபுரம் இரண்டாம் வகை. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், காடல்குடி, குளத்தூர் எல்லாம் அக்கம்பக்கம்.

அந்தக் காலத்தில் இது வியாபாரிகள் வந்து தங்கும் ஊராகவும் இருந்திருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் 1642இல் பிறந்த ஊர் நாகலாபுரம் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அவருடைய தந்தை சேகு முதலியார் மலையாளக் கரையிலிருந்து நறுமணச் சரக்குகளை விற்க வந்து, இங்கே குடும்பத்தோடு தங்கினாராம். பிறகு எட்டயபுரத்துக்குக் குடிபெயர, உமறு அங்கே அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டார். 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களில் நபிகளின் வாழ்வைப் பாடிய கவிஞரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. பெயரும் எட்டயபுரத்தோடுதான் ஒட்டிக்கொண்டது. நாகலாபுரத்துக்குத் தொட்டில் கதை மட்டும் மிச்சம்.

1799 வேறு மாதிரி. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனோடு சேர்ந்து கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்த பாளையங்களில் நாகலாபுரமும் ஒன்று. மேஜர் பானர்மனின் படை செப்டம்பர் மாதம் பாஞ்சாலங்குறிச்சியைக் கைப்பற்றியதும் பழிவாங்கல் தொடங்கியது. கட்டபொம்மனின் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் தலையைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கம்பில் நட்டார்கள். நாகலாபுரம் பாளையக்காரரின் உடன்பிறந்தாரான சௌந்தரபாண்டிய நாயக்கரை அருகே கோபாலபுரத்தில் கொன்றார்கள். கயத்தாற்றில் அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை எல்லாரும் அறிவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே நாகலாபுரத்தில் நடந்த தூக்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றுப் புளியமரத்துக்குக் கிடைத்த பேர் இந்த ஊருக்குக் கிடைக்கவில்லை.

பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கொல்லபட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்களும் பறிமுதலாயின. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார்கள். கும்பினியின் பக்கம் நின்ற எட்டயபுரம் ஜமீனாக நிலைத்தது. இந்தப் பகுதியின் ஊர்களுக்குள் எது வளரும், எது தேயும் என்பதை மழைக்கு அடுத்தபடியாகத் தீர்மானித்தது இந்த ஓராண்டுதான் என்று சொல்லலாம். ஜமீன் முறை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அதற்குள் ஏறத்தாழ 150 ஆண்டுகள் போய்விட்டன.

பருத்தியும் தண்டவாளமும்

19ஆம் நூற்றாண்டில் இந்த மண்ணை உலகச் சந்தையோடு இணைத்தது பருத்தி. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சிப்பங்கள் கப்பலேறின. 1861இலிருந்து 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு வர, இங்கே விலை ஏறியது. போர் முடிய, விலையும் படுத்தது. 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் போனது. அந்தத் தண்டவாளம் கோவில்பட்டியைப் பஞ்சாலை நகரமாக்கியது, பின்னாளில் தீப்பெட்டி நகரமாகவும் ஆக்கியது. நாகலாபுரம்போல் கிழக்கே ஒதுங்கிய பழைய தலைமையிடங்கள் மாட்டுவண்டித் தடத்திலேயே நின்றன. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளம், கம்பிலும் தேர்ந்தெடுத்துத் தந்த ரகங்கள் இந்தக் காடுகளுக்கு வந்தன.

கருங்கண்ணி இப்போது பெயரளவில்தான். கம்பும் குதிரைவாலியும் பின்வாங்கி மக்காச்சோளம் முன்னுக்கு வந்துவிட்டது. கோழித்தீவன ஆலைகள் வாங்கிக்கொள்வதும் ஆள்கூலி குறைவதும் காரணம். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது, ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சம்சாரிகள் கைநஷ்டத்தோடு கண்டார்கள். வத்தல் மட்டும் விடாமல் தொடர்கிறது. மாசி, பங்குனியில் களமெங்கும் சிவப்பு விரித்துக் கிடக்கும். விலை உயர்ந்தால் வத்தலைப் போல ஒரு பயிர் இல்லை. விழுந்தால் பறிகூலிக்குக்கூட மிஞ்சாது.

உழாமல் போட்ட நிலத்தில் வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேல் தழைக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியேற்றுவது விளாத்திகுளம், புதூர் பகுதியின் நிஜமான தொழில். பஞ்ச வருஷத்தில் அடுப்பெரித்தது இந்த மரம்தான் என்பதால், இதை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களை இங்கே முழு மனதோடு யாரும் ஆமோதிப்பதில்லை.

மக்கள்

2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள்தொகை 17,50,176. ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள். இதில் தாமிரபரணிப் பாசனப் பகுதியும் கடற்கரையும்தான் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. விளாத்திகுளம், புதூர் பக்கம் ஆள் அடர்த்தி குறைவு. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் காடு அதிகம். நாகலாபுரத்தின் தொகையைச் சொல்லும்போது எந்த நாகலாபுரம் என்று கேட்க வேண்டும். வருவாய்க் கிராமத்துக்கு ஓர் எல்லை, ஊராட்சிக்கு வேறோர் எல்லை, ஊர்க்காரர் வாய்க்கு மூன்றாவது எல்லை. கணக்கெடுப்பின் இலக்கணப்படி ஒரு கிராமம் நகரமாக எண்ணப்பட 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளரில் முக்கால்வாசிப் பேர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்றும் சேர வேண்டும். நிலம் அகன்ற கரிசல் ஊர்களை இரண்டாவது நிபந்தனையே பெரும்பாலும் நிறுத்திவிடும்.

வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் நாயக்கர், ரெட்டியார், கம்மவார் குடும்பங்கள் இந்த வட்டாரத்தின் பழைய சம்சாரிகள். மறவர், கோனார், நாடார், தேவேந்திரகுல வேளாளர், அருந்ததியர், ஆசாரி, முஸ்லிம் குடும்பங்கள் என்று கரிசல் ஊர்களின் கூட்டு பெரிது. குடியேறிய கதைகளில் பெரும்பாலானவை வடக்கிலிருந்து வந்தவை. வெளியேறிய கதைகளோ நாலா திக்கும் போகும். 1876–78 தாது வருஷப் பஞ்சமும் அதன் முன்பின் வறட்சிகளும் ஆட்களைத் தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு ஏற்றின. பிந்திய தலைமுறை கோவில்பட்டித் தீப்பெட்டிக்குப் போனது. இன்றைய பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். பொங்கலுக்கும் அம்மன் கோவில் கொடைக்கும் ஊர் நிறையும். அடுத்த வாரம் திண்ணையில் முதியவர்கள் மட்டும்.

எதிர்த்திசையில் நடக்கும் போக்குவரத்து ஒன்றும் இருக்கிறது. நாகலாபுரத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி உண்டு. சுற்றுக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பட்டப்படிப்புக்குத் தொலைவு போகாமல் பஸ்ஸில் வந்து திரும்ப முடிகிறது. மக்கள்தொகைப் பட்டியலில் இந்தக் காலை நேரக் கூட்டம் எங்கும் ஏறாது.

1876இல் விலகிப்போன ரயில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம், குளத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 143 கிலோமீட்டர் புதிய அகலப்பாதை போட 2011–12இல் அனுமதி கிடைத்தது. தூத்துக்குடி முனையில் மீளவிட்டான்–மேல்மருதூர் பகுதி மட்டும் முடிந்தது. 2025 ஜனவரியில், மாநில அரசு கேட்டுக்கொண்டதால் திட்டம் கைவிடப்படுகிறது என்று ரயில்வே அமைச்சர் சொன்னார். மாநில அரசு மறுத்தது. அமைச்சர் குறிப்பிட்டது தனுஷ்கோடிப் பாதையை என்று ரயில்வே பிறகு விளக்கம் கொடுத்தது. நாகலாபுரத்தில் அருப்புக்கோட்டை பஸ் வழக்கம்போல் நின்று போகிறது.