கனடாவில் வருமான வரி: எந்த மென்பொருள், எவ்வளவு காசு, எங்கே விலைக்கழிவு?

கனடாவில் வாழும் எங்கள் குடும்பங்களில் பங்குனி மாதம் பிறந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இந்தமுறை டக்ஸை யாரிட்டைக் குடுக்கிறது?" பலர் யாராவது ஒரு தெரிந்தவரிடம் ரி4 தாளையும் காசையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவர் என்ன எழுதினார் என்று பார்ப்பதில்லை. ஆனால் படிவத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு அவர் அல்ல, படிவத்துக்கு உரியவரே.

இந்தப் பயத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஊரில் எங்களில் பெரும்பாலானோர் வருமான வரிப் படிவத்தைக் கண்டதில்லை. நாங்கள் அறிந்த படிவங்கள் நிவாரணப் பதிவு, இடம்பெயர்ந்தோர் பதிவு, முகாம் பதிவு என்பவைதான். எதை எழுதினால் என்ன நடக்குமோ என்ற அச்சம் அவற்றோடு கூடவே வந்தது. இங்கே நிலைமை வேறு. படிவம் கொடுக்காவிட்டால்தான் இழப்பு.

நான் சுதந்திர ஊடகவியலாளராகத் தொழில் செய்வதால் என் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் நானே நிரப்புகிறேன். உறவினர் சிலருக்கும் அருகில் இருந்து உதவுகிறேன். மென்பொருளை எப்படித் தெரிவு செய்வது, எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம், எந்த இடத்தில் மென்பொருளை மட்டும் நம்பக் கூடாது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வருமானம் இல்லாதவரும் ஏன் கொடுக்க வேண்டும்?

பிள்ளைகள் நலக் கொடுப்பனவு, ஜி.எஸ்.ரி. மீளளிப்பு, ஒன்ராறியோவின் ட்ரில்லியம் கொடுப்பனவு, முதியோருக்கான ஜி.ஐ.எஸ். ஆகியவை எல்லாம் வரிப் படிவத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. பிள்ளைகள் நலக் கொடுப்பனவுக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கும். கணவன், மனைவி இருவரும் படிவம் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் கொடுக்காவிட்டாலும் காசு நின்றுவிடும். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்ட நபரானவருக்கும் இந்தக் கொடுப்பனவு உண்டு.

கடைசி நாள் ஏப்ரல் 30. சுயதொழில் செய்பவருக்கும் அவருடைய துணைவருக்கும் ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய வரி இருந்தால் அதை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டி ஏறும். வரி பாக்கி உள்ளவர் படிவத்தைப் பிந்திக் கொடுத்தால் பாக்கியில் 5 வீதமும், பிந்தும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதமும் தண்டம். இது 12 மாதம் வரை ஏறும்.

முதலில் இலவச வழிகள்

விலைக்கழிவு தேடுவதற்கு முன் காசே கொடுக்காமல் முடியுமா என்று பாருங்கள்.

குறைந்த வருமானமும் சிக்கலில்லாத கணக்கும் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் திட்டம் 1971இலிருந்து நடக்கிறது. சமூக நிலையங்கள், நூலகங்கள், குடிவரவாளர் உதவி அமைப்புகள் இந்த முகாம்களை நடத்துகின்றன. குடும்பத்தின் அளவைப் பொறுத்து வருமான எல்லை உண்டு. வாடகை வருமானம், மூலதன இலாபம், செலவு கழிக்கும் சுயதொழில் போன்றவற்றை அங்கே செய்யமாட்டார்கள்.

வருமானம் குறைந்த, ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாத சிலருக்கு, தொலைபேசியிலேயே சில கேள்விகளுக்கு விடை சொல்லிப் படிவத்தை முடிக்கும்படி வருவாய் முகவரகமான சி.ஆர்.ஏ. அழைப்புக் கடிதம் அனுப்புகிறது. வயதான பெற்றோருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பாருங்கள். இந்தக் கடிதம் குப்பைக்குப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

இவை இரண்டும் பொருந்தாவிட்டால் மென்பொருள். சி.ஆர்.ஏ.யின் இணையத்தளத்தில், நெற்ஃபைல் முறையில் படிவம் அனுப்ப அங்கீகாரம் பெற்ற மென்பொருட்களின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும். அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் தொட வேண்டாம்.

பட்டியலில் எதைத் தெரிவு செய்வது?

வெல்த்சிம்பிள் டக்ஸ், முன்பு சிம்பிள் டக்ஸ் என்ற பெயரில் இருந்தது. இணையத்தில் இயங்கும். அடிப்படைச் சேவைக்கு நீங்கள் விரும்பிய தொகையைக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் விடலாம். ஜெனுடக்ஸ் விண்டோஸ் கணினியில் இறக்கிப் பயன்படுத்துவது. இதுவும் இலவசம், விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். ஸ்டூடியோ டக்ஸ் குறைந்த விலையில் கிடைப்பது. யூஃபைல், டேர்போ டக்ஸ், எச் அண்ட் ஆர் புளொக் ஆகியவை கட்டண மென்பொருட்கள் என்றாலும், எளிய படிவங்களுக்கோ மாணவர் போன்ற சில பிரிவினருக்கோ இலவச வழி வைத்திருப்பதுண்டு.

ஒரு வேலை, ஒரு ரி4, வீட்டு வாடகை, பிள்ளைகள் என்ற அளவில் உள்ள குடும்பத்துக்கு இலவச மென்பொருளே போதும். எந்த மென்பொருளில் போட்டாலும் வரிச் சட்டம் ஒன்றுதான். சரியான விபரம் கொடுத்தால் மீள வரும் தொகையும் ஒன்றுதான். விலை கூடிய மென்பொருள் கூடுதல் காசை மீட்டுத் தராது. நீங்கள் கொடுக்கும் விலை கேள்வி கேட்கும் வசதிக்கும் உதவிக்கும்தான்.

கியூபெக்கில் வாழ்பவர்கள் மாகாணத்துக்குத் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். எனவே மொன்றியலில் இருப்பவர்கள் கியூபெக் வருவாய்த் திணைக்களத்தின் அங்கீகாரமும் உள்ளதா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால்

முதலாவது, ஆளுக்கு ஒன்று வாங்காதீர்கள். இணையத்தில் செய்யும் கட்டண மென்பொருட்கள் பெரும்பாலும் ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று அறவிடும். கணினியில் இறக்கும் பதிப்புகள் ஒரே விலையில் பல படிவங்களுக்கு இடம் தரும். தாய், தகப்பன், வேலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று நான்கு படிவம் உள்ள வீட்டில் ஒரே பதிப்பை வாங்கினால் தலைக்கு விழும் செலவு வெகுவாகக் குறையும். நெற்ஃபைலுக்கு 20 படிவம் என்ற உச்ச எல்லை இருக்கிறது. இது குடும்பத்துக்கானது, காசு வாங்கித் தொழில் செய்வதற்கல்ல.

இரண்டாவது, கடைகளைப் பாருங்கள். கொஸ்கோ, ஸ்டேபிள்ஸ் போன்ற கடைகளில் வரிக் காலத்தில் இந்தப் பதிப்புகள் நிறுவனத்தின் சொந்தத் தளத்தை விட மலிவாகக் கிடைப்பதுண்டு.

மூன்றாவது, உங்கள் வங்கியின் இணையப் பக்கத்தில் உள்நுழைந்து சலுகைகள் பகுதியைப் பாருங்கள். வங்கிகள், கடன் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினருக்கு விலைக்கழிவு இணைப்புகளைத் தருகின்றன. அந்த இணைப்பின் வழியாக நுழைந்தால்தான் கழிவு விழும். வட்ஸ்அப்பில் வரும் கழிவு இணைப்புகளை அழுத்தாதீர்கள். அங்கே கொடுக்கும் சமூகக் காப்புறுதி இலக்கம் யாருடைய கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, காசைக் கடைசியில் கட்டுங்கள். இணைய மென்பொருள் பலவற்றில் எல்லா விபரத்தையும் போட்டு, மீளவரும் தொகையைப் பார்த்த பிறகு அனுப்பும் கட்டத்தில்தான் கட்டணம் கேட்பார்கள். எனவே ஒரே விபரத்தை இரண்டு மென்பொருளில் போட்டு ஒப்பிடலாம். விடை வேறுபட்டால் எங்கோ ஒரு விபரம் பிழை. அதைத் தேடிப் பிடித்த பிறகு மலிவானதில் அனுப்பலாம்.

ஐந்தாவது, 'இலவசம்' என்ற சொல்லில் கவனம் வேண்டும். பாதி நிரப்பிய பிறகு, இந்தப் பகுதிக்குக் கட்டணப் பதிப்பு வேண்டும் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் டேர்போ டக்ஸின் உரிமையாளரான இன்ருயிற் நிறுவனம், இலவசம் என்று சொன்ன விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் 2022இல் 141 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியது. எனவே தொடங்கும்போதே உங்கள் படிவ வகைகள் இலவசப் பதிப்பில் அடங்குமா என்று பாருங்கள். இடையில் வரும் 'கணக்காய்வுப் பாதுகாப்பு', 'நிபுணர் உதவி' என்ற மேலதிகப் பெட்டிகளைத் தேவையில்லாமல் தெரிவு செய்யாதீர்கள்.

சுயதொழில் செய்பவர்கள் தொழில் கணக்குக்காகச் செலவான பகுதியைத் தொழிற் செலவாகக் கழிக்கலாம். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

'இன்றைக்கே காசு' கடைகள்

வரியைச் செய்து, மீளவரும் காசை உடனே கையில் தரும் கடைகள் இருக்கின்றன. அது கடன், அதற்குக் கட்டணம் உண்டு. சட்டப்படி முதல் 300 டொலருக்கு 15 வீதமும் மிகுதிக்கு 5 வீதமும்தான் உச்ச அளவு. உங்களுக்கு 2,300 டொலர் வரவேண்டும் என்றால் 45 டொலரும் 100 டொலருமாக 145 டொலர் வரை போகலாம். நெற்ஃபைலில் அனுப்பி வங்கிக்கு நேரடி வரவும் பதிந்திருந்தால், காசு பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தானே வரும். அந்த இரண்டு வாரக் காத்திருப்புக்கு 145 டொலர் பெறுமதியா என்று யோசியுங்கள்.

மென்பொருள் அறியாத எங்கள் கதைகள்

ரி4 போன்ற தாள்களை சி.ஆர்.ஏ.யிலிருந்து மென்பொருள் தானே இழுத்து எடுக்கும். ஊரோடு தொடர்புள்ள விடயங்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

துணைவர் இன்னும் இலங்கையில் இருந்தாலும் நீங்கள் மணமானவரே. 'தனி ஆள்' என்று தட்டக் கூடாது. அவருடைய வருமானத்தையும் போட வேண்டும். பிழையாகப் போட்டுப் பெற்ற கொடுப்பனவைப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். அதேவேளை, அவரைப் பராமரிக்கக் காசு அனுப்பினால் துணைவருக்கான வரிச்சலுகை கிடைக்கக்கூடும். அனுப்பியவர், பெற்றவர், திகதி, தொகை தெரியும் சான்று வேண்டும். உண்டியலில் அனுப்பினால் அந்தச் சான்று கையில் இராது. ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கோ சகோதரருக்கோ அனுப்பும் காசுக்குச் சலுகை இல்லை.

திருமண நிலைக்கு மென்பொருள் காட்டும் பட்டியலில் 'காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி' என்று ஒரு பெட்டி இல்லை. மணமானவர், விதவை, பிரிந்தவர் என்ற சொற்களில் ஒன்றைத் தட்டும்படி அது கேட்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து, தேடிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு தட்டு எவ்வளவு கனமானது என்பதை எங்கள் சமூகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து உதவும் பிள்ளைகள் அவசரப்பட்டு எதையாவது தட்டிவிட வேண்டாம். குடிவரவுப் பத்திரங்களில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சமூகச் சட்ட உதவி நிலையத்திலோ சி.ஆர்.ஏ.யிலோ கேட்டுத் தீர்மானியுங்கள். ஒருமுறை தீர்மானித்ததை எல்லாப் படிவங்களிலும் ஒரேமாதிரி எழுதுங்கள்.

ஊரில் காணியோ வைப்புப் பணமோ இருந்தால், வாடகையும் வட்டியும் கனடாப் படிவத்தில் வர வேண்டும். இலங்கையில் வரி கட்டியிருந்தால் இரண்டு முறை கட்டாமல் இருக்க வழி உண்டு. இரு நாடுகளுக்கும் இடையே 1982இல் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது. கனடாவுக்கு வெளியே உள்ள சொத்துகளின் அடக்கவிலை மொத்தம் 100,000 டொலரைத் தாண்டினால் ரி1135 படிவமும் கொடுக்க வேண்டும். நீங்களும் குடும்பமும் பாவிக்கும் வீடு இதில் சேராது. வாடகைக்கு விட்ட வீடும் வங்கி வைப்பும் சேரும். பிந்தினால் நாளுக்கு 25 டொலர் வீதம் 2,500 டொலர் வரை தண்டம். கனடாவில் வசிக்கத் தொடங்கிய முதல் ஆண்டுக்கு இந்தப் படிவம் தேவையில்லை.

வரும்போதே உங்கள் பெயரில் இருந்த காணியைப் பிறகு விற்றால், நீங்கள் கனடாவில் வசிக்கத் தொடங்கிய நாளில் அதன் சந்தைப் பெறுமதி எதுவோ அதிலிருந்துதான் இலாபம் கணக்கிடப்படும். அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வைப்பது பிறகு பெரிய தொகையைக் காப்பாற்றும்.

நன்கொடைப் பற்றுச்சீட்டு கனடாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். ஊர்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் நேரே அனுப்பிய காசைக் கழிக்க முடியாது. கொடுக்காத காசுக்குப் பற்றுச்சீட்டு தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள்.

ஊபர் ஓட்டுபவர்கள் 2017 ஜூலையிலிருந்து முதல் டொலருக்கே ஜி.எஸ்.ரி. பதிவு எடுக்க வேண்டும். அதன் கணக்கு தனியானது. தனிநபர் வரி மென்பொருளில் படிவம் அனுப்பியதோடு அது முடிந்துவிடாது.

வாடகை, காணி விற்பனை, பல ஆண்டு கொடுக்காத படிவம் போன்றவை இருந்தால் நல்ல கணக்காளருக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. ஆனால் அவர் உங்கள் பெயரில் படிவம் அனுப்ப முறையாகப் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். உங்கள் சி.ஆர்.ஏ. கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். முழுப் படிவத்தின் பிரதியை வாங்குங்கள்.

அனுப்பிய பின்னர் சி.ஆர்.ஏ.யிடமிருந்து மதிப்பீட்டு அறிவித்தல் வரும். அதையும் பற்றுச்சீட்டுகளையும் 6 ஆண்டுகள் ஒரு கோப்பில் வைத்திருங்கள். முன்னைய ஆண்டுகளுக்குக் கொடுக்காமல் விட்டவர்களும் இப்போது கொடுக்கலாம். மீள வரவேண்டிய காசை 10 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்க முடியும்.