தோட்டப் பிள்ளைக் காப்பகம் (நெல்லியாம்பதி, மூணாறு)

தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலை நேரத்தில் பார்த்துக்கொள்ள, தோட்ட நிர்வாகம் தன் செலவில் தோட்டத்துக்குள்ளேயே நடத்தும் இல்லம் தோட்டப் பிள்ளைக் காப்பகம். தென்னிந்தியத் தோட்டங்களில் 'கிரெச்' என்ற பெயரே பெருவழக்கு. இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்றும் பிள்ளைக் காம்பரா என்றும் சொல்வர். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் (மூணாறு), பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளுமே இக்கட்டுரையின் எல்லை. மென்பொருள் நிறுவனங்கள் இன்று புதுச் சலுகையாக விளம்பரம் செய்யும் பணியிடக் காப்பகம், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்ட உரிமையாகிவிட்டது.

இடம்

கொல்லங்கோட்டு வயல்வெளியிலிருந்து தெற்கே பார்த்தால் சுவர்போல் நிமிர்ந்து நிற்பது நெல்லியாம்பதி மலை. சீதார்குண்டு அருவி அங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஆனால் மேலே போக நென்மாறை, போத்துண்டி வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். 1947க்கு முன் இந்தச் சிறு நிலப்பரப்பு வேறுவேறு ஆட்சிகளின் கீழ் இருந்தது. கொல்லங்கோடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைமேல் இருந்த நெல்லியாம்பதி கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. மூணாறும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. தோட்டத் தொழிலாளருக்கென்று பொதுச் சட்டம் வரத் தாமதமானதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது, தமிழர் திரளாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே விடப்பட்டன. ஆகவே இங்குள்ள காப்பகங்களில் குழந்தை பேசியது பெரும்பாலும் தமிழ், பதிவேடு எழுதப்பட்டது மலையாளம் அல்லது ஆங்கிலம்.

தோற்றம்

வேலையிடத்திலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஐரோப்பிய ஆலைகளில் பிறந்தது. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பருத்தி ஆலையில் ராபர்ட் ஓவன் 1816 ஜனவரி 1 அன்று திறந்த கல்விக்கூடத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டனர். உழைக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கென்றே பாரிஸில் ஃபிர்மன் மார்போ 1844இல் ஒரு இல்லம் தொடங்கினார். கிரெச் என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதிலிருந்துதான்.

மேற்குத்தொடர்ச்சி மலைத் தோட்டங்களின் கதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து மூணாற்றுக் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1880இல் ஏ. எச். ஷார்ப் அங்கே தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. காடு வெட்டிய காலத்தில் ஆண்களே மிகுதியாகத் தேவைப்பட்டனர். செடி வளர்ந்து பறிப்பு தொடங்கியபின் நிர்வாகம் தேடியது பெண்களை. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஊர்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆள் கூட்டி வந்தார்கள். குடும்பம் வந்தபோது குழந்தையும் கூடவே வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை. அவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

ஆகவே தாய் குழந்தையை முதுகிலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போனாள். நிழல்மரக் கிளையில் சேலையால் தொட்டில் கட்டிப் போட்டாள். மழையும் அட்டையும் உள்ள மாதங்களில் அதுவும் முடியாமல், ஏழெட்டு வயது மூத்த பெண் பிள்ளையை லயத்தில் காவல் வைத்தாள். அந்தச் சிறுமியின் படிப்பு அங்கேயே நின்றது. தம்பி தங்கை வளர்ந்து அவள் விடுபடும்போது கொழுந்து பறிக்கும் வயது வந்திருக்கும்.

ஜே. எச். விட்லி தலைமையிலான இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1929 முதல் 1931 வரை விசாரித்தது. ஆலைக்குப் போகுமுன் கைக்குழந்தைக்கு அபினி கொடுத்து உறங்கவைக்கும் வழக்கத்தை அதன் அறிக்கை பதிவு செய்து, பெண்கள் மிகுதியாக உள்ள ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்றது. தோட்டங்களைத் தனியே ஆராய்ந்த டி. வி. ரேகேயின் அறிக்கை 1946இல் வந்தது. அடுத்த ஆண்டு மேஜர் லாயிட் ஜோன்ஸ் தேயிலைத் தோட்ட மருத்துவ வசதி பற்றி அறிக்கை தந்தார். அதுவரை காப்பகம் என்பது அந்தந்தத் தோட்ட மேலாளரான துரையின் மனம்போல் இருந்தது. பெரிய தோட்டங்கள் சிலவற்றில் இருந்தது, பலவற்றில் இல்லை. இருந்த இடங்களிலும் அதைக் கருணையின் கணக்கில் எழுதுவது சரியாகாது. இரண்டு கையும் செடிமேல் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை நோக்கம்.

1951ஆம் ஆண்டுச் சட்டம்

1947 ஜனவரியில் டெல்லியில் அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்பும் கூடிய தோட்டத் தொழில் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. அங்கே தொடங்கிய பேச்சு 1951 நவம்பர் 2 அன்று தோட்டத் தொழிலாளர் சட்டமாக முடிந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1954 ஏப்ரல் 1 முதல். கேரளம் தன் விதிகளை 1959இல் வகுத்தது.

சட்டத்தின் 12ஆம் பிரிவு காப்பகத்துக்கு உரியது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில், அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிர்வாகம் தகுந்த அறைகள் அமைத்துத் தர வேண்டும் என்றது அது. அறையில் இடமும் வெளிச்சமும் காற்றோட்டமும் போதுமான அளவு இருக்க வேண்டும், சுத்தமாக வைத்திருக்க வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் விட வேண்டும் என்றும் சொன்னது. ஐம்பது என்பதை எண்ணும் முறையில் ஒரு நுணுக்கம் இருந்தது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாள் ஐம்பது பெண்கள் வேலையில் இருந்திருந்தாலே போதும். ஒப்பந்ததாரர் கூட்டிவந்தவர்களும் கணக்கில் சேர்ந்தனர். ஆய்வாளர் வரும் வாரத்தில் ஆளைக் குறைத்துக் காட்டித் தப்பிக்க முடியாதபடி எழுதிய வாசகம் இது. இச்சட்டத்தின் மிக விவரமான வரி இதுவே எனலாம்.

1981ஆம் ஆண்டுத் திருத்தம் 1982 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் ஐம்பதுக்குக் குறைந்தாலும் அவர்களுடைய குழந்தைகள் இருபது பேர் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்று அது சேர்த்தது. இருபத்தைந்து ஏக்கரும் முப்பது ஆட்களும் என்று இருந்த சட்டத்தின் எல்லையை ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் என இறக்கியதும் இதே திருத்தம். ஆறு வயது கடந்த பிள்ளைக்கு 14ஆம் பிரிவு. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருபத்தைந்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வசதிக்கு மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது அது.

இந்தச் சட்டத்தின் பெருங்குறை, எண்ணிக்கையைத் தாயின் தலையில் வைத்தது. தகப்பன் தோட்டத்தில் வேலை செய்து தாய் வெளியே போனால் அந்தக் குழந்தை 12ஆம் பிரிவின் கணக்கில் வரவில்லை. ஆள் குறையக் குறையக் கடமையும் குறைந்து ஒரு நாள் இல்லாமலே போனது. நெல்லியாம்பதியின் சிறிய காப்பி, ஏலத் தோட்டங்கள் பல இப்படித்தான் சட்டத்தின் வலையிலிருந்து நழுவின.

நடைமுறை

காப்பகம் பெரும்பாலும் லய வரிசையின் ஓரத்தில் இருக்கும் ஓட்டுக் கட்டடம். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கி, ஒவ்வொன்றிலும் அந்தந்தத் தாயின் பழைய சேலை. தாய் விட்டுச் சென்ற துணியின் வாசனையில் பிள்ளை உறங்கும் என்பது ஆயாமார் அனுபவம். தவழும் பிள்ளைக்குத் தரையில் பாய், வளர்ந்ததற்குச் சுவரோரம் பலகை. மூலையில் எடை பார்க்கும் தராசு, அடுப்படியில் பால், கஞ்சி. காலைப் பேர் கூப்பிடுவதற்கு முன்பே குல்லாயும் ஸ்வெட்டருமாகப் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட வேண்டும். அங்கன்வாடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தொடங்குகிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி மூன்று வயது முதல்தான். அங்கன்வாடியின் கடிகாரம் பள்ளியின் கடிகாரம். காப்பகம் கைக்குழந்தையையும் ஏற்கும், தோட்டத்தின் கடிகாரப்படி ஓடும்.

பால் கொடுக்க வருவது தனிச் சிக்கல். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. ஆனால் அன்றைக்குப் பறிக்கும் காடு காப்பகத்திலிருந்து ஒரு மலைமடிப்புத் தள்ளி இருந்தால், இறங்கி ஏறுவதிலேயே பொழுது போய்விடும். அடிப்படைக் கிலோவுக்கு மேல் பறித்தால்தான் கூடுதல் காசு. இடைவேளையைச் சட்டம் கொடுத்தது, அந்த நேரத்துக்கான கொழுந்தை யாரும் கொடுக்கவில்லை. ஆகவே பல தாய்மார் உச்சிப்பொழுதில் ஒரு முறை வந்து போவதோடு நிறுத்திக்கொண்டனர்.

தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசி 1971இல் தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் வேறொரு சோதனையும் நடந்தது. பெண் தொழிலாளியின் பெயரில் மாதந்தோறும் பணம் போட்டு, பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தியவருக்குப் பணி ஓய்வில் கொடுக்கும் திட்டம் அது. காப்பகத்தில் குழந்தையைப் பேணவும் பிறப்பைக் குறைக்கவும் ஒரே கை முயன்றது இத்தொழிலின் விசித்திரங்களில் ஒன்று.

மூணாற்றில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணன் தேவன் தோட்டங்களில் 1964இல் டாட்டா பங்குதாரராக நுழைந்து பின்னர் முழு உரிமையும் பெற்றது. 1991இல் மாற்றுத்திறன் கொண்ட தொழிலாளர் பிள்ளைகளுக்காக அங்கே 'டேர்' என்ற பள்ளி தொடங்கப்பட்டது. சிருஷ்டி நல மையம் அதிலிருந்து வளர்ந்தது. சட்டம் கேட்காததைச் செய்த அரிய நேர்வு இது.

எல்லைப்புறத்து விலக்குகள்

உடும்பஞ்சோலையின் ஏலக்காடுகளுக்குத் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக வந்து, அன்று மாலையே திரும்புகிறார்கள். வளைவுக்கு வளைவு குலுங்கும் ஜீப்பில் கைக்குழந்தையைக் கொண்டுவர யாரும் துணியமாட்டார்கள். குழந்தை போடியிலோ கம்பத்திலோ பாட்டியிடம் இருக்கும். வேலையிடத்தில் காப்பகம் இருந்தாலும் அவர்களுக்கு அதனால் பயனில்லை.

கொல்லங்கோட்டுக்கு அருகே முதலமடை, கோவிந்தாபுரம் பகுதியின் மாந்தோப்புகள் இன்னொரு விலக்கு. நாட்டிலேயே முந்திக் காய்க்கும் இம்மாம்பழத்தின் பறிப்புக் காலத்தில் தமிழ் பேசும் தொழிலாளரே மிகுதி. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இருந்தவை தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம். மா இல்லை. மலைமேல் காப்பி பறிப்பவளின் குழந்தைக்கு உள்ள உரிமை, அடிவாரத்தில் மாங்காய் பொறுக்குபவளின் குழந்தைக்கு இல்லை.

பிற தொழில்கள்

தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஐம்பது பெண்கள் என்று வைத்த வரம்பை 1976இல் முப்பதாக்கியது. சுரங்கத்துக்கு 1966இல் தனி விதிகள் வந்தன, பீடித் தொழிலுக்கு அதே ஆண்டில் தனிச் சட்டம். கட்டுமானத்துக்கு 1996இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1969இல், டெல்லிக் கட்டுமானத் தளத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் கிரெச்சஸ் வழிகாட்டியது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தம், ஐம்பது பணியாளர் உள்ள எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது.

இலங்கையில் பிள்ளை மடுவங்கள் பல இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, 1992இல் அமைந்த தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் இயங்குகின்றன.

இன்றைய நிலை

2000இல் பீர்மேடு டீ கம்பெனி மூடப்பட்டது. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் கதவடைத்தன. தோட்டத்தோடு காப்பகமும் போனது. நெல்லியாம்பதியில் குத்தகைச் சிக்கலில் சில தோட்டங்கள் வனத்துறையின் கைக்குச் சென்றன. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று திரண்டபோது முன்னின்ற கோரிக்கைகள் போனசும் கூலியும், காப்பகம் அல்ல. தமிழ் இளைஞர் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்க, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் குடியேறியிருக்கின்றன.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன, 1951ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் அடங்கியது. தோட்டக் காப்பகத்துக்கு இனி ஐம்பது பெண்கள் வேண்டியதில்லை, ஆணும் பெண்ணுமாக ஐம்பது தொழிலாளர் போதும். ஆனால் அதற்கான விதியை மாநில அரசு வகுக்க வேண்டும். மத்திய அரசின் ஒப்புதலோடு மாந்தோப்பையும் தோட்டப் பயிர்களின் பட்டியலில் சேர்க்க அதே மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.