நிரல் கால்குலேட்டர்: நிரலும் குறிப்புத் தாளும்

ஒரு கணக்குக்கு அழுத்தும் விசைகளை வரிசை மாறாமல் நினைவில் வைத்து, வேண்டும்போது தானே ஓட்டிக்காட்டும் கருவி நிரல் கால்குலேட்டர். நிரலை எழுதுவது பாதி வேலை. எந்த எண்ணை எந்த வரிசையில் உள்ளிட வேண்டும் என்று குறித்துவைப்பது மறுபாதி.

குறிப்பில்லாமல் ஓடிய நிரலுக்கு நம் பக்கத்திலேயே பழைய சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் புதுச்சேரியில் கண்ட ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதினார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளை மட்டும் கொண்டு அவர் சந்திர கிரகணத்தைக் கணித்தார். பின்னாலுள்ள வானியல் கொள்கை அவருக்குத் தெரியாது என்பது வாரனின் கருத்து. 1825 மே 31 இரவுக் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு. முடிவில் 52 நிமிடம். 1952இல் வானியல் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நொய்கெபாவர் இதைத் தனிக் கட்டுரையாக ஆராய முடிந்தது, வாரன் அதை எழுதிவைத்ததால்தான்.

இனி கருவிகளுக்கு வருவோம். 1965இல் வந்த ஒலிவெட்டியின் புரோகிராமா 101 மேசைக் கருவி. 1974இல் ஹியூலெட் பேக்கார்டின் எச்பி-65 கைக்குள் அடங்கியது. 100 படி நிரலைச் சிறு காந்த அட்டையில் பதிந்துகொள்ளலாம். அதே அட்டையை மேல்வரிசை விசைகளுக்கு மேலுள்ள பிளவில் செருகினால், அதில் எழுதியிருப்பது விசைகளுக்குப் பெயர்ச்சீட்டாகும். அந்த இடம் எதற்குக் காணும்? நிறுவனத்தின் பயனர் நூலகத்துக்கு நிரல் அனுப்புவோர் விளக்கம், விசைப் பட்டியல், மாதிரிக் கணக்கு எல்லாம் படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு ரிச்சர்ட் நெல்சன் தொடங்கிய பயனர் சங்கமும் இதழ் வழியே நிரல்களைப் பரிமாறியது.

குறிப்பு ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ரயில் வேகனை எடைமேடையில் ஏற்றி எடை போடலாம். கப்பலை அப்படிச் செய்ய முடியாது. அதற்குத்தான் டிராஃப்ட் சர்வே. முன், பின், நடு என மூன்று இடங்களில், இருபக்கமும் நீர்மட்டக் குறியைப் படித்து, கப்பல் எவ்வளவு நீரை விலக்குகிறது என்று பார்த்துச் சரக்கின் எடையைக் காண்பார்கள். முன், பின் அளவுகளோடு நடு அளவின் ஆறு மடங்கைக் கூட்டி எட்டால் வகுப்பது வழக்கம். எச்பி கருவியில் மூன்று எண்களையும் அந்த வரிசையில் அடுக்கிவிட்டால் 6, பெருக்கல், கூட்டல், கூட்டல், 8, வகுத்தல் என ஆறே படி. நடு அளவைக் கடைசியில் உள்ளிடாவிட்டால் ஆறு மடங்கு வேறோர் அளவுக்குப் போய்விடும். கருவி கொஞ்சமும் தயங்காமல் தப்பான விடையைக் காட்டும். ஆறு படி நிரலுக்கும் தாள் வேண்டும் என்பது இதனால்தான்.

1979இல் வந்த எச்பி-41சி திரையில் எழுத்தும் காட்டியது. அடுத்து எந்த எண் வேண்டும் என்று நிரலே கேட்டுக்கொள்ளலாம். தாளின் சுமை பாதி குறைந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் பலருக்கு இவ்வகைக் கருவி, தேர்வறைக்குள் கொண்டுவரக் கூடாதவற்றின் பட்டியலில்தான் அறிமுகம்.