மண்ணுக்குள் விளையும் காய்: நிலக்கடலைச் சாகுபடியிலும் பயிர்ப் பாதுகாப்பிலும் காய்மண்டலத்தின் இடம்

நிலக்கடலைக்குத் தரப்படும் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரைகளில் பெரும்பகுதி இலையை நோக்கியே அமைந்துள்ளது. இலையில் விழும் ஓட்டை, புள்ளி, சுருள் ஆகியவை வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு உடனே தெரிவதும், அவற்றுக்கெனத் தெளிக்கத்தக்க மருந்து கடையில் கிடைப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் இப்பயிரின் பொருளாதார விளைவு முழுவதும் தரைக்குக் கீழே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள், காய்மண்டலம் என்று சொல்லத்தக்க மெல்லிய மண்ணடுக்கில் நிகழ்கிறது. இலை இழப்பைப் பயிர் பெரிதும் ஈடுசெய்துகொள்கிறது என்பதும், காய்மண்டலத்தில் நேரும் இழப்பை அதனால் ஈடுசெய்ய இயலாது என்பதும், ஆகவே சாகுபடி, பூச்சி மேலாண்மை, பயன்பாடு ஆகிய மூன்றையும் காய்மண்டலத்திலிருந்து தொடங்கியே சிந்திக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும்.

நிலக்கடலையின் பூ விடியற்காலையில் விரிந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, அன்றே வாடிவிடுகிறது. பின்னர் சூலகத்தின் அடித்தண்டு நீண்டு, உழவர்கள் விழுது என்று அழைக்கும் உறுப்பாகி, புவியீர்ப்பின் வழியே கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது. இருட்டையும் ஈரத்தையும் அடைந்த பிறகே அதன் நுனி பருத்துக் காயாகிறது. மண்ணை எட்டாத விழுது காயாவதில்லை. கொடியின் மேற்பகுதியிலும் கடைசி நாள்களிலும் பூக்கும் பூக்களில் பல வீணாவது இதனால்தான். காய்கட்டும் பருவத்துக்கு முன்னர் மண்ணைப் பொலபொலப்பாக்கிச் செடியின் அடியில் அணைக்க வேண்டும் என்பதற்கும், விழுது இறங்கிய பின் களைக்கொத்து போடலாகாது என்பதற்கும் இதுவே அடிப்படை.

இந்த அமைப்பிலிருந்து பிறக்கும் மற்றொரு விளைவு சுண்ணாம்புச் சத்தைப் பற்றியது. செடிக்குள் கால்சியம் நீராவிப்போக்கின் இழுவையோடு இலைகளை நோக்கி மேலேறுமேயன்றி, அங்கிருந்து கீழிறங்கிக் காயை அடைவதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் காயோ நீராவிப்போக்கு ஏறத்தாழ இல்லாத உறுப்பு. எனவே வளரும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் ஓட்டின் வழியே சுற்றியுள்ள மண்ணீரிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேர் எவ்வளவு வளமான மண்ணில் ஓடினாலும், காயைச் சூழ்ந்த மேல்மண்ணில் கரையும் கால்சியம் இல்லையெனில் ஓடு முழுவளர்ச்சி பெற்றும் பருப்பு திரளாத பொக்குக் காய்களே மிகும். தமிழ்நாட்டில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கப்படுவதும், அதில் ஒரு பகுதி விதைத்த 40 முதல் 45 நாள்களுக்குள் செடியோரத்தில் இட்டு மண் அணைக்கப்படுவதும் இதற்காகவே. இதை ஓர் உரமிடும் செயலாக மட்டும் கருதி, மற்ற உரங்களோடு அடியுரமாகவே முடித்துவிடும் வழக்கம், காயின் உணவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியாததால் நேர்வதாகும்.

காய்மண்டலத்தைப் புறக்கணித்ததன் விலையை உலகறியக் காட்டிய நிகழ்வு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய அரசு ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவில் மேற்கொண்ட நிலக்கடலைத் திட்டம். எண்ணெய்ப் பற்றாக்குறையைப் போக்குவதற்காக 1947-இல் பெருந்தொகுதி இயந்திரங்களோடு தொடங்கப்பட்ட அத்திட்டம், ஏறத்தாழ 3.6 கோடி பவுண்டு இழப்போடு 1951-இல் கைவிடப்பட்டது. புதர்க்காட்டைத் திருத்துவதில் நேர்ந்த தடைகளும் மழைக்குறைவும் நிருவாகத் தவறுகளும் இத்தோல்விக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன, அவை உண்மையே. எனினும் அங்குள்ள கோங்குவாப் பகுதியின் களிச் செம்மண் கோடையில் இறுகிப் பாறைபோலாகி, விழுது இறங்கவும் விளைந்த காயை வெளியே எடுக்கவும் இடந்தரவில்லை என்பது, நிலக்கடலைக்கு ஒரு நிலம் ஏற்றதா என்று தீர்மானிக்கையில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை என்பதையே உணர்த்துகிறது.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்கும் இப்பயிர் நிலைபெற்றதற்குச் செம்மணலும் மணற்சாரியும் கலந்த நிலங்களே துணைநின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே மார்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம், தமிழகத்தைத் தாண்டி ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல பத்தாண்டுகள் பரவலாகப் பயிரிடப்பட்டது. குறுகிய வயதும், காய்கள் தூரைச் சுற்றியே அமைந்து பிடுங்க எளிதாக இருப்பதும் கொத்து ரகங்களின் சிறப்புகள். ஆனால் அவற்றின் விதைக்கு உறக்கக்காலம் இல்லாததால், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடுகிறது. பிடுங்கும் நாளைத் தாமதித்தால் விழுது நைந்து காய் மண்ணில் தங்கிவிடும்; முந்தினால் பருப்பு சுருங்கும். செடி மஞ்சளாவதைக் கொண்டு முடிவு செய்யாமல், சில செடிகளைப் பிடுங்கி ஓட்டை உடைத்து அதன் உட்புறம் வெண்மை மாறிக் கரும்பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம், கருவி ஏதும் வேண்டாத நம்பகமான சோதனையாகும்.

இனிப் பூச்சிகள். மானாவாரி நிலக்கடலையின் பெரும்பகையான சிவப்புக் கம்பளிப்புழுவின் வாழ்க்கைமுறை, இலையில் தெரியும் சேதத்துக்கு மண்ணிலேயே விடை தேட வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. இப்பூச்சி ஆண்டின் பெரும்பகுதியை வரப்புகளிலும் மரநிழல்களிலும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கழிக்கிறது. கோடைக்குப் பின் முதல் நல்ல மழை பெய்ததும் தாய்ப்பூச்சிகள் சில மாலைகளுக்குள் ஒருசேர வெளிவந்து, இளம்பயிரின் இலையடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடுகின்றன. பொரித்த புழுக்கள் முதற்சில நாள்கள் ஒரே இலையில் கூட்டமாகத் தங்கிப் பச்சையத்தைச் சுரண்டுகின்றன; சல்லடையாக வெளுத்த அத்தகைய இலையைக் கிள்ளி அழித்தால் ஒரு கையசைப்பில் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழிகின்றன. வளர்ந்து செம்பழுப்பு மயிர் போர்த்த பின்னரோ அவை வயல்விட்டு வயல் அணியாகச் செல்கின்றன. பூச்சிமருந்துக்கும் எளிதில் மடிவதில்லை. கோடை உழவால் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிப்படுத்துதல், மழைக்கு அடுத்த மாலைகளில் விளக்குப்பொறி வைத்தல், முட்டைக் குவியல்களைப் பொறுக்குதல், புழு நகரும் திசையில் செங்குத்துச் சுவருடைய குழி வெட்டுதல் ஆகிய பழைய பரிந்துரைகள் யாவும் இந்த வாழ்க்கைமுறையை ஒட்டியவை. யாவும் ஊர்கூடிச் செய்தால் மட்டுமே பலிப்பவை. ஒருவர் வயலில் மட்டும் விளக்கு வைத்தால், அது சுற்றுவட்டப் பூச்சிகளை அவ்வயலுக்கு அழைத்ததாகவே முடியக்கூடும். தனி உழவரை மட்டும் நோக்கிப் பேசும் விரிவாக்கப் பணியில் இப்பரிந்துரைகள் ஏட்டளவில் நின்றுவிட்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

இலையை உண்ணும் மற்ற பூச்சிகளைப் பொறுத்தவரை, பயிரின் தாங்குதிறனைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிறுவனத்தின் பூச்சியியல் ஆய்வுகள், பூத்து விழுது இறங்கும் பருவம் நீங்கலாக, கணிசமான இலையிழப்பு விளைச்சலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்று காட்டின. அதே வேளையில் இடைவிடாத மருந்துத் தெளிப்பு ஒட்டுண்ணிகளையும் இரைவிழுங்கிகளையும் கொன்று, புரோடீனியாப் புழுவையும் சுருள்பூச்சியையும் பெருக்கிவிடுகிறது என்பதும் தெரியவந்தது. வறட்சியில் பெருகும் சுருள்பூச்சி நல்ல மழையில் தானே அடங்குகிறது. வரப்போரத்தில் நட்ட ஆமணக்கு புரோடீனியாவின் முட்டைகளைத் தன் அகன்ற இலைகளில் வாங்கிக்கொள்கிறது. ஓர் இலைப்புழுவைக் கண்டவுடன் தெளிப்பானைத் தூக்குவது பல வேளைகளில் வீண்செலவு மட்டுமன்று, அடுத்த தாக்குதலுக்கு வழிதிறப்பதும் ஆகும்.

நச்சுயிரி நோய்கள் இந்தத் தாங்குதிறனுக்கு விலக்கானவை. 2000-ஆம் ஆண்டு அனந்தபூர் மாவட்டத்தில் இலட்சக்கணக்கான எக்டேர் நிலக்கடலையைக் கருக்கிய தண்டுக்கருகல் நோயின் நச்சுயிரி, நோய்க்குறி காட்டாத பார்த்தீனியம் செடிகளில் தங்கி, அவற்றின் மகரந்தத்தோடு இலைப்பேன்களால் கடலை வயலுக்கு வந்தது என்று கண்டறியப்பட்டது. தரிசிலும் சாலையோரத்திலும் உள்ள களையை அழிப்பதும், வயலைச் சுற்றிச் சில வரிசை சோளம் விதைப்பதும் அங்கே மருந்தைவிடப் பயனுள்ள வழிகளாயின.

காய்மண்டலத்தில் வாழும் பகைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவற்றின் சேதம் இயல்பில் வேறானது. கரையான் காயோட்டின் மேல்தோலைச் சுரண்டும்போது எடை அதிகம் குறைவதில்லை. ஆனால் வலுவிழந்த அந்த ஓட்டின் வழியே அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் மண்வாழ் பூஞ்சணம் பருப்பை எட்டுகிறது. அப்பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு, 1960-இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்து, அவற்றின் தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கு ஆராயப்பட்டபோது வெளிப்பட்டது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இந்நச்சு கிட்டங்கியில் மட்டும் தோன்றுவதாக நீண்டகாலம் எண்ணப்பட்டது. உண்மையில் அறுவடைக்கு முந்தைய கடைசி வாரங்களில் மழை பொய்த்து மேல்மண் சூடேறும்போதே தொற்று நிகழ்ந்துவிடுகிறது. பருப்பில் போதிய ஈரம் உள்ளவரை அது பூஞ்சணத்தைத் தடுக்கும் தற்காப்புப் பொருள்களைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஈரம் வற்றியதும் அந்த ஆற்றல் அற்றுவிடுகிறது. ஆகவே கடைசிக் கட்டத்தில் இயன்றால் ஒரு நீர் பாய்ச்சுவது விளைச்சலை மட்டுமின்றி உணவின் தூய்மையையும் காக்கிறது.

பயிர்ப்பெருக்க ஆராய்ச்சியின் வரலாறும் இலைக்கும் காய்மண்டலத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டையே காட்டுகிறது. இன்றைய நிலக்கடலை தென்னமெரிக்காவில் இரண்டு காட்டினங்கள் இணைந்து உருவானது; அதனால் அதன் மரபுவளம் குறுகியது. இலைப்புள்ளிக்கும் துருநோய்க்கும் எதிர்ப்புத்திறன் வேறொரு காட்டினத்திலிருந்து பெறப்பட்டு, தார்வாடின் ஜி.பி.பி.டி. 4 போன்ற ரகங்களில் சேர்க்கப்பட்டுவிட்டது. அஃப்ளாடாக்சினை முற்றிலும் தடுக்கும் ரகமோ இன்னும் உழவர் கைக்கு வரவில்லை. சூழலைப் பொறுத்து மாறும் அந்தத் தாங்குதிறனை ரகத்தின் பண்பாக நிலைநிறுத்துவது கடினம் என்பதால், உழவர் செய்யும் பணிகளே இன்றளவும் முதன்மைக் காப்பாக உள்ளன.

அப்பணிகளின் எஞ்சிய பகுதி களத்தில் நடக்கிறது. பிடுங்கிய செடிகளைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்து உலர்த்தி, ஆய்ந்த காயை எட்டு விழுக்காடு ஈரம் வரும்வரை காய வைத்து, உடைந்ததையும் சொத்தையையும் நீக்கினால் நச்சு பெருக வழியில்லை. ஆனால் கையால் உரிக்க எளிதாகட்டும் என்றும் எடை கூடட்டும் என்றும் காய்ந்த காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பதிவாகியுள்ளது. பல நாள் உலர்த்தலின் பயனை அது ஒரு மாலையில் அழித்துவிடுகிறது.

பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய், கால்பங்கு புரதம். செக்கிலோ ஆலையிலோ ஆட்டும்போது நச்சில் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குகிறது; கறவை மாடு அதை உண்டால் ஒரு பகுதி வேதிமாற்றம் பெற்றுப் பாலில் வெளிப்படுகிறது. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் நச்சு நீங்கிவிடுவதால், வடிகட்டாமல் விற்கும் செக்கெண்ணெய்க்குக் காயின் தரம் மேலும் இன்றியமையாததாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலைக்கு ஒரு கிலோவுக்கு நான்கு மைக்ரோகிராம் என்று விதித்துள்ள வரம்பு, ஏற்றுமதிச் சரக்கைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. உள்ளூர்ச் சந்தையிலோ வணிகர் காயைக் குலுக்கிப் பார்த்து, உடைத்துப் பருப்பின் திரட்சியையும் ஈரத்தையும் கணித்து விலை சொல்கிறார். கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத நச்சு அக்கணிப்பில் இடம்பெறுவதில்லை. கடைசி நீரைப் பாய்ச்சி, கவிழ்த்துலர்த்திச் சொத்தை பொறுக்கிய உழவரின் மூட்டையும், தண்ணீர் தெளித்த மூட்டையும் ஒரே விலைக்கு ஏலம் போகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாயிலிலேயே குறைந்த செலவில் நச்சை அளக்கும் முறையை நிலைப்படுத்தி, அதன் முடிவை விலையோடு இணைப்பது, பூச்சிமருந்து ஆய்வுக்கு ஒதுக்கப்படும் முயற்சியில் ஒரு பங்கையேனும் பெறத் தகுதியுடைய பணியாகும்.